நாற்பத்தொரு புகைவீடுகள்

தருவைமேட்டில் நாற்பத்தொரு ஓலைக் குடிசைகளும் எரிந்து அடங்கிய பிறகு எல்லாம் போய்விட்டது, புகை மட்டும் போகவில்லை. விடிகிற நேரத்தில் பிடித்த நெருப்பு. உப்பளத்துக்குப் போகிறவர்கள் கஞ்சித் தூக்குகளோடு வெளியே இறங்கியிருந்ததால் உயிர் ஒன்றும் சேதமில்லை. பாய், பெட்டி, பட்டாவுக்குக் கொடுத்த மனுக்களின் நகல், பள்ளிக்கூடச் சான்றிதழ், சாமிப்படம் என்று எதுவும் மிஞ்சவும் இல்லை. கடற்காற்று வீசி ஓய்ந்தது, பிறகு கரைக்காற்று வீசி ஓய்ந்தது, தீயணைப்பு வண்டி வந்து எரிந்து முடிந்ததன் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனது. புகையோ ஒவ்வொரு குடிசையும் நின்ற இடத்திலேயே நின்று, முதலில் சுவராகி, அப்புறம் கூரையாகி, மதியத்துக்குள் ஆளுக்கொரு வாசலும் வைத்துக்கொண்டது.

முதலில் உள்ளே போனது ஒரு கோழி. தன் கூடை இருந்த மூலையில், புகையால் ஆன கூடைக்குள் போய், அது நிம்மதியாக உட்கார்ந்துகொண்டது. கோழியைப் பிடிக்க அதன் சொந்தக்காரி போனாள், அவளைக் கூப்பிட அவள் புருசன் போனான், சாயங்காலம் ஆவதற்குள் தருவைமேட்டு ஜனம் முழுவதும் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டது. உள்ளே இருமல் வரவில்லை, கண் எரியவில்லை. பகல் முழுக்க உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பழுத்துப்போன கண்களுக்கு அந்தச் சாம்பல் நிறம் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. எரிந்த சாமான்கள் எல்லாம் புகை வடிவத்தில் இருந்த இடத்திலேயே இருந்தன. கை வைத்தால் கை உள்ளே போகும், எடுத்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். வெயிலைப் புகை முழுசாகத் தடுத்தது. மழையைத் தடுக்கவில்லை. ஓலைக்கூரையும் மழையைப் பெரிதாகத் தடுத்ததில்லை என்பதால் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மாதா கோயிலில் கொடுத்த அடுப்பும் பாத்திரமும் போர்வையும் வந்து சேர்ந்த பிறகு குடித்தனம் பழையபடி நடந்தது. தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கதவைத் தட்ட முடியாது என்பது மட்டும்தான் அவருக்கு வித்தியாசம். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, பெண்ணின் அப்பா, "வீடு வெளிய இருந்து பார்த்தாக் கொஞ்சம் மங்கலாத் தெரியும், உள்ள வந்தாச் சரியாயிரும், வாங்க" என்று கூப்பிட்டார். அவர்களும் வந்து, காப்பி குடித்து, சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு சங்கடம் பாத்திரத்தால் வந்தது. காற்றுக்கு அசையாத அந்தப் புகை, வாயைத் திறந்துகொண்டிருக்கிற எந்தப் பாத்திரத்தையும் கண்டால் தானாக அதற்குள் இறங்கியது. ஒருத்தி காலிக் குடத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு அளத்துக்குப் போய் வந்து பார்த்தால், குடம் நிறைந்திருந்தது, தெற்குச் சுவரைக் காணோம், பயந்துபோய்க் குடத்தை அப்படியே மூடி வைத்துவிட்டாள். அன்று முதல் தருவைமேட்டில் காலிப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைப்பது வழக்கமாயிற்று. வெளியூர்க்காரர்கள் வந்தால் டிபன் பாக்ஸை மூடச் சொன்னார்கள்.

அதிகாரிகளுக்குத்தான் கஷ்டம். அளக்க வந்த சர்வேயர், சங்கிலி சுவருக்குள் புகுந்து வெளியே வருவதைப் பார்த்துச் சலிக்காமல் அளந்து முடித்து, 'கட்டுமானப் பொருள்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, 'ஓலை (முன்பு)' என்று எழுதினார். தாலுகா அலுவலகம், புறம்போக்கில் அனுமதியின்றி நிற்கும் புகையை ஏழு நாளில் அகற்றிக்கொள்ள வேண்டுமென்று ஆளுக்கொரு நோட்டீஸ் அச்சடித்தது. இருபது வருசமாகப் பட்டா கேட்டுக் கொடுத்த மனுக்களுக்கு ஒரு வரி பதில் எழுத ஆள் இல்லாத அலுவலகம் அது. புகைக்கு எழுத ஒரே நாளில் நாற்பத்தொரு தாள் கிடைத்தது. ஆனால் நோட்டீஸ் சுவரில் ஒட்டவில்லை. ஒட்ட வந்தவர் உரக்க வாசித்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மேற்கே, தருவைமேட்டை ஒட்டி உப்புக் கம்பெனியின் நிலம். குடிசைகள் இருக்கும் இடத்தையும் சேர்த்து வளைத்துக் கடல்வரை ரோடு போட வேண்டும் என்பது கம்பெனியின் நெடுநாள் ஆசை, அதற்காக இரும்புத் தூண்களை நட்டு, நெருப்புக்கு முன்பிருந்தே ஒரு மாதமாக வெள்ளிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தீப்பிடித்த மூன்றாம் வாரம் கம்பெனியின் புல்டோசர் வந்தது. எரிந்த மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து, சாம்பலோடு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெள்ளை மணலைப் பரப்பியது. வண்டி நாற்பத்தொரு வீட்டுக்குள்ளும் புகுந்து புறப்பட்டது. ஏழாவது வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் டிரைவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுற்றிப் போனார். வண்டி போன வழியில் புகை மறுபடி மூடிக்கொண்டது.

அதற்குள் சுடலைக்கண்ணு ஜெயிலில் இருந்தான்.

உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் சுடலைக்கண்ணு. காலுக்குப் பூட்ஸ், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, அளத்தில் ஒதுங்க ஒரு நிழல் கூரை, இந்த மூன்றுக்காக நாலு வருசத்துக்கு முன் நாற்பது நாள் வேலைநிறுத்தம் நடத்தியவன், குனிந்து கும்பிடத் தெரியாதவன், மைக்கைப் பிடித்தால் விட மாட்டான். அரசாங்கத்திடம் காங்கிரீட் வீடு வாங்குவதற்காகத் தன் ஆட்களின் குடிசைகளுக்குத் தானே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான் என்று அவன்மேல் வழக்கு. சாட்சி என்று யாரும் இல்லை. இருந்தது ஒரு தாள். அந்தத் தாளில் ஒரு வரி: 'அனுப்பப்பட்ட பன்னிரண்டு சாம்பல் மாதிரிகளிலும் மண்ணெண்ணெய்யின் கூறுகள் காணப்பட்டன.' கீழே ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்து ஞானசுந்தரியுடையது.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மாவட்டத் தலைநகரில், தடய அறிவியல் ஆய்வகத்தின் மாடியில் அவளுக்கு இருபத்திரண்டு வருசமாக ஒரே வேலை. எரிந்த வீடு, எரிந்த வைக்கோல் படப்பு, எரிந்த பஸ், எரிந்த மருமகளின் சேலைத்துண்டு, எது வந்தாலும் அதைச் சூடுபடுத்தி, மேலே எழும் ஆவியை ஊசியால் உறிஞ்சி, மெஷினுக்குள் செலுத்துவாள். மெஷினுக்குள் முடியைப் போன்ற ஒரு நீளக் குழாய் சுருண்டு கிடக்கும். அதற்குள் ஓடுகிற ஆவி, கூட்டமாகப் புறப்பட்டாலும் கூட்டமாக வந்து சேராது. இலேசானவை முந்தும், கனமானவை பிந்தும், ஒவ்வொன்றும் வந்து சேர்ந்த நேரத்தை மெஷின் தாளில் ஒரு முனையாகக் குத்தும். பெட்ரோலுக்கு ஒரு மலை, டீசலுக்கு ஒரு மலை. மண்ணெண்ணெய் என்றால் சீப்பின் பல்லைப் போல வரிசையாக ஏறி வரிசையாக இறங்குகிற ஒரு குன்று. அந்த மலைகளை அவள் தன் சொந்த ஊர் மலைகளைவிட நன்றாக அறிவாள். ஆய்வகத்து ரசாயனங்களைச் சுவாசித்துச் சுவாசித்து மூக்குச் செத்து ஒன்பது வருசமாகிவிட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெய்யும் அவளுக்கு ஒன்றுதான். அதனால் மெஷின் சொல்வதை மட்டும் நம்பினாள்.

தீப்பிடித்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் சுடலைக்கண்ணுவின் பெண்டாட்டி பேச்சிக்கனி ஆய்வகத்துக்கு வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்து ஞானசுந்தரி எழுந்து நின்றாள்.

"யம்மா, டின்னு வாங்கிட்டுப் போக வந்தேன்" என்றாள் பேச்சிக்கனி.

"எந்த டின்?"

"எங்க டின்னுதாம்மா. ஏட்டையா சாம்பல் அள்ளிட்டு வந்தாருல்லா, பன்னெண்டு டின்னு. ரேசன்ல எண்ணெய் வந்திருக்கு. டின்னு இல்லாம வரிசைல நிக்க முடியல."

"அது மண்ணெண்ணெய் டின்னா?"

"பின்ன, நாங்க என்ன நெய் டின்னா வச்சிருக்கோம்?"

ஞானசுந்தரி மெதுவாக உட்கார்ந்தாள். பேச்சிக்கனி கேட்காமலேயே சொல்லிக்கொண்டு போனாள். தீப்பிடிப்பதற்கு முன் மூன்று வாரமாக ரேசனில் எண்ணெய் வரவில்லை. நாளைக்கு வரும் என்று கடைக்காரர் சொன்னதும் எல்லாரும் முந்தின நாளே காலி டின்களைக் கொண்டுபோய்க் கடை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். ஆளுக்குப் பதில் டின் நிற்கும், அதுதான் வழக்கம். அதனால் வீடெல்லாம் எரிந்தும் டின்கள் மட்டும் தப்பின. "ஏட்டையா பாவம், அள்ளிட்டுப் போக ஒரு ஏனம் இல்லாம முழிச்சிட்டு நின்னாரு. நாங்கதான் எடுத்துட்டு வந்து, சோப்புப் போட்டு, மூணு தண்ணி விட்டுக் கழுவி, வெயில்ல காய வச்சுக் குடுத்தோம். விசாரணை நல்லா நடக்கட்டும்னு."

தங்கள் கையாலேயே கழுவிக் கொடுத்திருக்கிறார்கள்.

எந்தச் சாமானில் சாம்பல் வருகிறதோ அதே மாதிரி ஒரு காலிச் சாமானையும் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது அந்த வேலையின் அரிச்சுவடி. இருபத்திரண்டு வருசமும் ஞானசுந்தரி அதைத் தவறவிட்டதில்லை. அன்று சிலிண்டரில் வாயு தீரப் போயிருந்தது, மேலிடத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது, ஒரே ஒரு நாள் விட்டுவிட்டாள். பேச்சிக்கனியை உட்கார வைத்துவிட்டு, ரேசன் வரிசையில் அவள் பக்கத்து வீட்டுக்காரி வைத்திருந்த டின்னை ஆளனுப்பி எடுத்துவரச் சொல்லி, அதே மாதிரி சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்து, காலியாகவே சூடுபடுத்தி, ஆவியை மெஷினுக்குள் விட்டாள். தாளில் சீப்பின் பல்லைப் போல ஒரு குன்று ஏறி இறங்கியது.

துணை இயக்குநர் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நாம எழுதினதுல பொய் என்ன இருக்கு, ஞானசுந்தரி? மண்ணெண்ணெய் இருந்துச்சு, இருக்குன்னு எழுதினோம்."

"சாம்பல்ல இல்ல சார். டின்ல இருந்துச்சு."

"டின் அவங்க டின்தான?"

"காலி டின்னை நான் சோதிக்கல சார்."

"அதை ஏன் சத்தமாச் சொல்றே?" என்று அவர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புதுசா ஒரு மாதிரி கொண்டு வந்தா வேற அறிக்கை எழுதலாம். என்ன கொண்டு வருவே? அங்க இருக்கிறது மணலும் புகையும்" என்றார்.

ஞானசுந்தரி மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தாள். தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடியும், மூடியின் நடுவே ஊசி இறக்க ரப்பர் அடைத்த துளையும் உள்ள ஒரு பெரிய பாட்டிலை அமிலத்தில் கழுவி, காலியாகச் சோதித்து, அதில் ஒன்றுமில்லை என்று மெஷின் சொன்ன பிறகு இன்னொரு தடவையும் சோதித்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தருவைமேட்டுக்கு பஸ் ஏறினாள்.

இறங்கி நடந்தபோது வெள்ளை மணலின்மேல் நாற்பத்தொரு வீடுகள் சாம்பல் நிறத்தில் மிதப்பதுபோல நின்றன. அவற்றுக்குள் அடுப்புகள் எரிந்தன, அந்த அடுப்புகளின் புகை தனியாகப் பிரிந்து, பெரிய புகையைத் தொடாமல், மரியாதையாக மேலே போயிற்று. ஞானசுந்தரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஆவி மிஞ்சாது என்பதுதான் அவள் தொழிலின் துக்கம். காற்றில் போவதற்குள் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இங்கே குடியிருக்கிறவர்கள் கிளம்பாததால் புகையும் கிளம்பாமல் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இந்தப் புகை எப்படி வாடை அடிக்குது? எனக்கு மூக்கு இல்ல, நீங்க சொல்லணும்."

"கிழக்க பூரா ஓலை வாடைதாம்மா. மேற்கு வரிசைலதான் ஒரு மாதிரி."

"எங்க அடுப்பு எண்ணெய் இல்ல அது. தேருக்குப் பெயிண்ட் அடிப்பாங்கல்லா, அந்த வாடை."

"கனிஞ்ச வாழைப்பழம் மாதிரின்னு சொல்லுளா."

"வாழைப்பழமும் பெயிண்டும் சேர்ந்த மாதிரிம்மா. மேற்குக் கடைசி வீட்டுப் பக்கம் ரொம்ப."

தின்னர், என்று ஞானசுந்தரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பெயிண்டை இளக்குகிற தின்னர். மேற்குக் கடைசி வீட்டிலிருந்து பத்தடி தூரத்தில் கம்பெனியின் வெள்ளித் தூண்கள் வெயிலில் மின்னின. ஆனால் வாழைப்பழ வாடை கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்லாது. மெஷின் குத்திய முனைகள்தான் சொல்லும்.

"அது யார் வீடு?"

 பேச்சிக்கனிதான் கடைசியில், "மாடத்தி மதினி வீடு" என்றாள். "நாங்க அங்க போறதில்ல."

நாற்பது நாள் வேலைநிறுத்தத்தில் பதினோராம் நாள் மாடத்தி அளத்தில் வேலைக்கு இறங்கியவள். புருசன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். அன்று சாயங்காலம் சுடலைக்கண்ணு மைக்கில் அவள் பெயரைச் சொல்லி, கருங்காலி என்று நாலு ஊருக்குக் கேட்கச் சொன்னான். அவள் வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்றும் சொன்னான். சொன்னபடி யாரும் மிதிக்கவில்லை. புருசன் செத்தபோது தூக்குவதற்கு அவள் அண்ணன்மார் வெளியூரிலிருந்து வந்தார்கள். சங்கம் கேட்ட மூன்றில் கறுப்புக் கண்ணாடி மட்டும் கிடைத்தது, மாடத்தியைத் தவிர எல்லாருக்கும்.

ஞானசுந்தரி வாசலில் நின்று கூப்பிட்டாள். மாடத்தி வெளியே வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் சுருக்கிச் சுருக்கிச் சிறுத்த கண்கள். அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், புகையால் ஆன ஆணியில் புகையால் ஆன ஒரு ஆண்பிள்ளைச் சட்டை தொங்கியது. விசயத்தைச் சொன்னதும் மாடத்தி சிரித்தாள்.

"சுடலைக்கண்ணு வெளிய வரணும்னா என் வீடு உள்ள போகணுமாக்கும்?"

"கொஞ்சம்போல எடுத்தாப் போதும். ஒரு ஊசி அளவு."

"அது கொஞ்சமா வராது. குடத்துல இறங்குச்சுல்லா, ஒரு முழுச் சுவரு. இந்தப் பெரிய பாட்டில்னா பூராவும் போயிரும். போனா, திரும்ப வருமா?"

ஞானசுந்தரிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியாது" என்றாள். "இதுவரை யாரும் மூடியைத் திறந்து பார்த்ததில்ல. கோர்ட்ல கேஸ் முடியற வரைக்கும் திறக்கவும் கூடாது."

"அப்போ நான் வெறும் மணல்ல உக்காரணும். அவன் வந்து மைக்கைப் பிடிச்சுப் பேசுவான்."

தெருவில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் கேட்டது.  பேச்சிக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மாடத்தி அவளைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், பிறகு ஞானசுந்தரியைப் பார்த்தாள்.

"மண்ணெண்ணெய்னு எழுதுனது நீதான?"

"நான்தான்."

"அது தப்புதான?"

"தப்புதான்."

"அப்போ அதை எழுது. நான் எழுதினது தப்புன்னு எழுதி, அடில உன் பேரைப் போடு. எங்கிட்டக் குடு. அப்புறம் என் வீட்டை எடுத்துக்க."

"புது அறிக்கைல அதெல்லாம் தன்னால வரும்..."

"அது நாளைக்கு, உன் ஆபீசுல. எனக்கு இப்ப, இந்த வாசல்ல வேணும்." மாடத்தி குரலை உயர்த்தவில்லை. "எனக்கு வயசு அம்பத்தஞ்சு. தாசில்தார் சொல்லிருக்கான், கம்பெனிக்காரன் சொல்லிருக்கான், சங்கத்துக்காரனும் சொல்லிருக்கான். சொன்னதைத் தப்புன்னு திருப்பி எடுத்துக்கிட்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்ல. சாகுறதுக்குள்ள ஒரு தடவ பார்க்கணும்."

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஞானசுந்தரிக்குத் தெரியும். அரசு ஊழியர் ஒழுங்கு விதி பதினேழு பி-யில் குற்றக் குறிப்பாணை வரும். வரப்போகிற பதவி உயர்வு வராது. இதுவரை அவள் அறிக்கையால் ஜெயிலுக்குப் போன ஒவ்வொருவனின் வக்கீலும் அந்தத் தாளைத் தேடிக்கொண்டு வருவான். புது அறிக்கையில் 'மறு ஆய்வில் கூடுதல் தகவல்கள் கிடைத்தன' என்று எழுதினால் போதும். அரசாங்கத்தில் எல்லாத் தப்பும் அந்த வாக்கியத்துக்குள்தான் குடியிருக்கிறது. அவள் கைப்பையைத் திறந்து, பேனாவை எடுத்து, முழங்காலில் தாளை வைத்து எழுதினாள். மாடத்திக்குப் படிக்கத் தெரியாது. "பேச்சி படிக்கட்டும்" என்றாள்.

பேச்சிக்கனி நாலு வருசமாக மிதிக்காத வாசலுக்கு வந்து நின்று, எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தாள். "காலி டின்னைச் சோதிக்காமல் நான் கொடுத்த அறிக்கை தவறு. அந்தத் தவறால் ஒரு மனிதர் சிறையில் இருக்கிறார். இதற்கு நான் மட்டுமே பொறுப்பு. ஞானசுந்தரி." 

மாடத்தி தாளை வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளே போய் அடுப்பையும் போர்வையையும் எடுத்து வெளியே வைத்தாள். அப்புறம் ஒரு தடவை உள்ளே போய், சட்டை தொங்கிய இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு, வந்து, "எடு" என்றாள். "ஒண்ணு தெரிஞ்சுக்க. அவனுக்காக இல்ல."

ஞானசுந்தரி மூடியைத் திறந்து பாட்டிலை மணலில் வைத்தாள். வீடு முதலில் கூரை முகட்டிலிருந்து நூல் பிரிவதைப் போலப் பிரிந்து, வளைந்து, அவசரமில்லாமல் பாட்டிலின் வாய்க்குள் இறங்கியது. கூரை போயிற்று, சுவர்கள் போயின, சட்டை கையை விரித்தபடி போயிற்று, கடைசியாக வாசல் போயிற்று. மூடியை அழுத்திப் பூட்டினாள். வெள்ளை மணலில், உச்சி வெயிலில், மாடத்தி ஒரு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்து, அவள் தலைக்குமேல் ஒரு சேலையை விரித்துப் பிடித்தார்கள். 

ஆய்வகத்தில், மூடியின் ரப்பர் துளை வழியாக ஊசியை இறக்கி எடுத்த அந்தத் துளி ஆவியை மெஷின் அரைமணி நேரம் ஓட விட்டது. தொடக்கத்திலேயே மூன்று முனைகள், பனைமரம்போல ஒல்லியாகவும் உயரமாகவும் எழுந்து நின்றன. அப்புறம் நெடுந்தூரத்துக்குச் சமவெளி. சீப்பும் இல்லை, குன்றும் இல்லை. ஞானசுந்தரி கடைத்தெருவில் தின்னர் வாங்கி வந்து அதையும் ஓட்டி, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்று பனைகளும் மூன்று பனைகளோடு பொருந்தின. அறிக்கையின் முதல் பத்தியிலேயே, முன்னதாகத் தான் கொடுத்த அறிக்கை தவறு என்று எழுதினாள். பத்தாம் நாள் பதினேழு பி வந்தது.

விசாரணை நாளில் தருவைமேட்டு ஜனம் கோர்ட் வராந்தாவை நிறைத்திருந்தது. எதிரிக் கூண்டில் சுடலைக்கண்ணு நின்றான். இளைத்திருந்தான், முதுகு மட்டும் வளையவில்லை. சாட்சிக் கூண்டில் ஞானசுந்தரி. அவளுக்கு முன்னால் மேசையில் அரக்கு முத்திரையோடு பாட்டில்.

"இரண்டு அறிக்கை கொடுத்திருக்கீங்க" என்றார் அரசு வக்கீல். "எது பொய்?"

"முதலாவது பொய் இல்ல, தப்பு. ரெண்டாவது சரி."

"இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு மூணாவது ஒண்ணு வருமா?"

வக்கீல்கள் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. அரசு வக்கீல் உற்சாகமாகிவிட்டார். இந்த அம்மா தன் சௌகரியத்துக்கு ஒரு பாட்டிலில் எதையோ அடைத்துக் கொண்டுவந்து தின்னர் என்கிறார், உள்ளே இருப்பது வெறும் காற்றாகவும் இருக்கலாம், கனம் கோர்ட்டார் இங்கேயே திறந்து பார்க்க உத்தரவிட வேண்டும் என்றார்.

"திறந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, ஐயா" என்றாள் ஞானசுந்தரி நீதிபதியிடம். "ஒரு வீடு அதுக்குள்ள இருக்கு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "திறங்க" என்றார்.

அரக்கு உடைந்தது. மூடி கழன்றது. முதலில் வாசல் வந்தது, பிறகு சுவர்கள் வந்தன, கூரை ஏறி மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு படர்ந்து முகடு கூடியது. ஒரு நிமிடத்துக்குள் கோர்ட் அறையின் நடுவே முழு அளவில் ஒரு குடிசை நின்றது. நீதிபதியின் மேடை அதன் அடுப்பு மூலைக்குள்ளும், எதிரிக் கூண்டு நடுவீட்டிலும், டைப்பிஸ்டின் மேசை சரியாக வாசற்படியிலும் அமைந்துவிட்டன. அரசு வக்கீல் தும்மினார். அடுத்த பெஞ்சிலும் தும்மினார்கள். ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "தின்னர்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. ஞானசுந்தரிக்கு எந்த வாடையும் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகச் சுளிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"இது யார் வீடு?" என்று நீதிபதி கேட்டார்.

"மாடத்தி வீடு" என்றாள் ஞானசுந்தரி. பழக்கதோஷத்தில் டைப்பிஸ்ட் கேள்வியையும் பதிலையும் அடித்துவிட்டார். இருபது வருச மனுக்கள் எதுவும் வாங்க முடியாத ஒரு வரி, அரசாங்கத் தாளில், தேதியோடு ஏறியது.

வராந்தாவிலிருந்து மாடத்தி வந்தாள். டவாலி தடுக்கக் கையை நீட்டி, வீட்டுக்காரியை வாசலில் எப்படித் தடுப்பது என்று குழம்பி, கையை இறக்கிக்கொண்டார். அவள் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள எல்லாரும் செருப்போட இருக்கீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முன்வரிசை வக்கீல்கள் சத்தமில்லாமல் பூட்ஸைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் தள்ளினார்கள்.

சுடலைக்கண்ணு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். யாரும் மிதிக்கக் கூடாது என்று தானே சொன்ன வீட்டின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. நாலு ஊருக்குக் கேட்கப் பேசியவனின் குரல் மூன்றாவது தடவைதான் வந்தது.

"மதினி, உள்ள வரலாமா?"

"உள்ளதான நிக்கே."

"கேக்கணும்லா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

டைப்பிஸ்ட் அதையும் அடித்தார். நீதிபதி தடுக்கவில்லை. மாடத்தி அந்தத் தட்டெழுத்துச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள்.

"எம்புட்டு நேரமா நிக்கே, காலு வலிக்கும்லா" என்றாள். "உக்காரு."

எதிரி கூண்டில் உட்காரக் கூடாது என்பது வழக்கம். சுடலைக்கண்ணு தலையைத் திருப்பி மேடையைப் பார்த்தான். அடுப்பு மூலையில், புகைக்கு நடுவே, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த நீதிபதி, "வீட்டுக்காரங்க சொல்றாங்கல்ல, உக்காருங்க" என்றார்.

அவன் உட்கார்ந்தான்.